ஐந்து வைத்தோம், நான்கு கேட்டது

திண்டுக்கல்லுக்கு வடக்கே, வடமதுரைப் பக்கம், மண் நாலு முழம்தான். அதற்குக் கீழே பாறை. கடப்பாரை போட்டால் கை அதிரும், கல் அதிராது. வெடி வைக்காமல் அங்கே கிணறு இல்லை. நான் கிணறு வெட்டுகிறவன். கல்லில் குழி போட்டு, மருந்து அடைத்து, தீ வைத்துவிட்டு மேலே ஏறி வருவது என் வேலை.

வெடிக்கு மூன்று சாமான் வேண்டும். கருமருந்து, அடைக்கக் களிமண், திரி. மருந்தை லைசென்ஸ் வாங்கிய ஆள் உள்ளூரிலேயே இடித்துக் கொடுப்பார். களிமண் கண்மாயில் கிடக்கும். திரி மட்டும் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. வட்டத் தகர டப்பாவில் சுருட்டி வைத்திருக்கும். மேலே தார் பூசிய நூல், உள்ளே மருந்து.

சீமைத் திரி ஒரு முழம் எரிய நாற்பத்தைந்து எண்ணிக்கை. மழையிலும் அதே, கோடையிலும் அதே. நான் தொழிலுக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை மாறியதில்லை. மாறாததால், எங்கள் வேலை முழுவதையும் அதன்மேல் வைத்துவிட்டோம். யாரிடமும் கடிகாரம் இல்லை. திரிதான் கடிகாரம்.

ஒரு தடவைக்கு ஐந்து குழி. முதலில் பற்றவைப்பதற்கு நீளத் திரி. அடுத்ததற்கு ஒரு சாண் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. கடைசியில் பற்றவைப்பது குட்டை, அதுதான் முதலில் வெடிக்கும். அதற்குள் நான் ஏறிவிடுவேன். ஐந்தும் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். மேட்டில் நிற்கிறவர்கள் எண்ணுவார்கள். ஐந்து கேட்டால் சாப்பிடப் போகலாம். நான்கு கேட்டால் ஒன்று கீழே தூங்குகிறது என்று அர்த்தம்.

தூங்குகிற வெடிக்கு, தீ வைத்தவன்தான் இறங்க வேண்டும். அதுவரை வேலைக்கு வந்த செட்டில் யாரும் கிணற்றை விட்டுப் போகக்கூடாது. அப்படிப் போன செட்டை வேறு எந்த ஊரிலும் கிணற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். இதை யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியாது. நான் வந்தபோதே இருந்தது.

நயா பைசா வந்த புதிதில் திரி நின்றது.

அப்போது ஒரு வெங்காயக்காரர் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். சின்ன வெங்காயம் இரண்டு ஏக்கர் போட்டிருந்தார். கிணறு ஐம்பது அடி இருந்தது, ஊற்று இளைத்துவிட்டது. அறுபதுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் அவருடைய மாடுகள் கமலை இறைக்கும். தோல் சால் கீழே போய்த் தண்ணீரை மொண்டு வரும். தண்ணீர் வற்றியதும் நாங்கள் இறங்குவோம். செட்டு நாலு பேர். நான், மாப்ளை என்று நான் கூப்பிடுகிற என் பெண்டாட்டியின் தம்பி, கல் அள்ளும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்.

திரி தீரப் போகிறது என்று திண்டுக்கல் போனேன்.

"இல்லப்பா" என்றார் கடைக்காரர்.

"எப்ப வரும்ணே?"

"கப்பல்ல ஏத்துனாத்தான வரும். சர்க்காருகிட்ட வெளிநாட்டுப் பணம் இல்லையாம். லைசென்ஸ நிப்பாட்டிட்டாங்ய."

"எங்கிட்ட பணம் இருக்குண்ணே."

கடைக்காரர் சிரித்தார். "ஒங் காசு கடல் தாண்டிச் செல்லுமாக்கும்?"

பிறகு சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டார். வெறும் நூல் சுற்றிய திரி. தார் இல்லை. "தெக்க எங்கயோ குடிசையில உருட்டுறாங்ய. எல்லாரும் இதத்தேன் கொண்டு போறாக."

"நல்லா எரியுமாண்ணே?"

"எரியும். எப்பன்னு மட்டும் கேக்காத."

அதை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது? கிணறு திறந்து கிடக்கிறது. சீமைத் திரி வருவதற்கு முன்னால் நாணல் தட்டைக்குள் மருந்து திணித்து வைப்பார்களாம். எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். சிலர் அந்த வெடியிலேயே போனார்கள்.

மறுநாள் காலை நாட்டுத் திரியில் முழத் துண்டு மூன்று வெட்டி எரித்துப் பார்த்தோம். ஒன்று நாற்பது எண்ணிக்கை. ஒன்று நாற்பத்து நாலு. ஒன்று முப்பத்தெட்டு. மோசமில்லை என்று நினைத்தேன். என்னிடம் சீமைத் திரி இரண்டு குழிக்கு ஆகிற அளவு மிச்சம் இருந்தது. அதையும் நாட்டுத் திரியையும் சேர்த்து வைக்கலாம் என்று முடிவு பண்ணினேன்.

குட்டைத் திரிதான் முதலில் வெடிக்கும். நான் ஏறுவதற்கு நேரம் கொடுப்பது அதுதான். எனவே கடைசி இரண்டு குழிக்கும் சீமைத் திரி. நீளமாக வைக்கிற முதல் மூன்று குழிக்கும் நாட்டுத் திரி. நீளம் இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே எரிந்தாலும் நேரம் இருக்கும். இப்படிக் கணக்குப் போட்டேன்.

மாப்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "கலக்காத மச்சான். வச்சா அஞ்சும் ஒரே திரியா வை."

"அஞ்சுக்குச் சீமத் திரி பத்தாதுலே."

"அப்ப அஞ்சும் நாட்டுத் திரியா வை. ஒரே புத்தியாவது இருக்கும்."

அவன் சொன்னது சரி. முழுக்க நாட்டுத் திரியை நம்பி இறங்க எனக்கு மனசு வரவில்லை. கலந்தே வைத்தேன். அது என் தப்பு. கடைக்காரர்மேல் போட மாட்டேன்.

உச்சிப்பொழுதுக்கு முன் தீ வைத்தேன். நாலு குழி தரையில். ஒன்று மூலையில் இடுப்புயரத் திட்டில். ஐந்தையும் பற்றவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கீழே இருபத்தைந்து அடிக்குக் கயிறு, அதற்கு மேல் பாறையில் வெட்டிய படி. மேலே மாப்ளையும் மற்ற இரண்டு பேரும் இழுத்தார்கள். படி எட்டுவதற்கு முன்னால் வெடித்தது. நான் முதலில் தீ வைத்த நீளத் திரி. கடைசியில் வெடிக்க வேண்டியது. நடுவில் எங்கேயோ தீ நின்று எரியாமல் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கும்.

சுவரில் ஒரு புடைப்பு இருந்தது. அதைத் தாண்டி வந்திருந்தேன். கல் அதில் பட்டுத் தெறித்தது. ஒரு கல் தோளில் பட்டது. கயிற்றை விடவில்லை. புகையில் கண் தெரியவில்லை. காது இரண்டிலும் ரீங்காரம் தவிர ஒன்றும் இல்லை. என்னை மூட்டை மாதிரி இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு வெடித்த ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. மண் அதிர்ந்தது தெரிந்தது. எத்தனை தடவை என்று தெரியாது.

சாயங்காலம் வலது காது கொஞ்சம் திறந்தது. இடது காது இன்றுவரை திறக்கவில்லை. மத்தியானம் மேட்டில் நடந்த பேச்சை மாப்ளை பிறகு சொன்னான்.

அவன் எண்ணியது நான்கு. "ஆனா மூணாவது கனமா இருந்துச்சு மச்சான். ரெண்டு சேந்து போன மாதிரி. அப்படின்னா அஞ்சும் போயிருச்சு."

கல் அள்ளுகிறவர் நான்குதான், சேர்ந்தெல்லாம் போகவில்லை என்றார். அவர் பெண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டிருந்தாள், எண்ணவில்லை. வெங்காயக்காரர் பெண்டாட்டி வயலிலிருந்து ஓடி வந்து ஐந்து என்று சொன்னார்கள்.

"அஞ்சுதேன். களை எடுத்துக்கிட்டே நான் எண்ணுனேன்."

வெங்காயக்காரர் விடவில்லை. "நீ எண்ணுனது எதுல சேத்தி? ஆட்ட எண்ணச் சொன்னா பன்னெண்டுக்குப் பதினாலு சொன்னவ."

"அதுல ரெண்டு பக்கத்து வீட்டு ஆடு. அது தெரியாத ஆளுக்குக் கெணறு ஒண்ணு கேடா?"

சிறுமலை தெற்கிலிருந்து ஒவ்வொரு வெடியையும் திருப்பிச் சொல்லும். சீமைத் திரியில் இடைவெளி ஒரே அளவு, அதனால் எது வெடி, எது மலை என்று குழப்பம் வராது. அன்றைக்கு எல்லாம் கலந்துவிட்டது. ஆளுக்கு ஒரு எண்ணிக்கை. கீழே இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சீமைத் திரி தூங்கினால் எத்தனை நேரம் பொறுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். மூன்று தடவை வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம். பிறகு இறங்கலாம். நாட்டுத் திரிக்கு அந்தக் கணக்கு இல்லை. உள்ளே கனன்றுகொண்டு கிடந்தால் எப்போது மருந்தைத் தொடும்? யாருக்கும் தெரியாது. அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் மினுமினுத்தது. வெடித்ததில் ஒரு ஊற்றுக்கண் திறந்திருக்கிறது. ஒரு சாண் ஊறிவிட்டது. வெங்காயக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். நான் மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எறைக்கக் கூடாதுங்கய்யா."

"ஏம்ப்பா? தண்ணி கண்ணுல தெரியுதுல்ல?"

"சாலு தரையில மோதும். வாய் இரும்பு கல்லுல பட்டா எந்திரிச்சுக்கிரும்."

"எது?"

"கீழ தூங்குறது."

"இருக்கோ இல்லையோன்னு நீதானய்யா சொன்ன?"

"ஆமாங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. வெங்காயம் காய் வைக்கிற பருவம். அந்தப் பருவத்தில் ஒரு தண்ணீர் தவறினால் காய் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். மூன்றாம் நாளுக்குள் பாய்ச்சியாக வேண்டும். பக்கத்தில் வேறு கிணற்றுத் தண்ணீர் கிடையாது. எல்லாக் கிணறும் அந்தக் கோடையில் அடிவரை வற்றிக் கிடந்தது.

ஒரு வழி இருந்தது. சும்மா இருப்பது. தண்ணீர் ஏறி மருந்தை நனைத்துவிட்டால் அப்புறம் அது மண். தரையில் உள்ள நாலு குழிகளும் அதற்குள் முழுகியிருக்கும். மூலைத் திட்டில் இருக்கும் குழிதான் இடுப்பு உயரம். ஒரு நாளைக்கு ஒரு சாண் என்றால் அங்கே எட்ட ஐந்து நாள். வெங்காயத்துக்கு ஐந்து நாள் இல்லை.

கிணற்று மேட்டிலேயே கிடந்தோம். இறங்க முடியாது. ஊருக்கும் போக முடியாது. என் வீடு இரண்டு மணி நேர நடை. ஒரு எட்டுப் போய் வந்தால்கூட ஓடிவிட்டான் என்று பேச்சு வரும். வேப்பமரம் ஒன்று, அதன் நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம். வெங்காயக்காரர் வீட்டிலிருந்து கம்மங்கூழ் வரும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அவர் வயல் வெங்காயம். இரண்டாம் நாள் தாளோடு வந்தது. தாள் நுனி பழுத்திருந்தது. அந்த அம்மா வைத்துவிட்டு வயலுக்குத் திரும்பினார்கள்.

ரோட்டில் பஸ் போவது அங்கிருந்து தெரியும். திருச்சிக்குப் போவது, திண்டுக்கல் வருவது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு கப்பலில் ஒரு டப்பா ஏறவில்லை. அதற்கு நான் இந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மாப்ளையைத் திட்டினேன். கூழில் உப்பு இல்லை என்று.

"நானா காய்ச்சுனேன்?" என்றான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். என் பெண்டாட்டிக்கு அவன் ஒரே தம்பி. அவனை என்னோடு அனுப்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். அவனைக் கல் உடைக்கச் சொல்லு, கயிறு இழுக்கச் சொல்லு, தீ மட்டும் வைக்க விடாதே என்றாள். அதனால்தான் தீயை எப்போதும் நானே வைப்பேன். அந்த மூன்று நாளும் அவன் கயிற்றுப் பக்கம் போனால் என் கண் பின்னாலேயே போகும்.

மூன்றாம் நாள் காலை வெங்காயக்காரர் தன் பண்ணையாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பானைத் தண்ணீர்.

"நீங்க எறங்க வேணாம். இவன் எறங்குவான். திட்டுல இருக்குற குழியில தண்ணிய ஊத்திட்டு வந்துருவான். அம்புட்டுத்தான வேலை?"

பண்ணையாள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். மாப்ளையிடம் கேட்டார்.

"எறங்குனா என்ன ஆகும்ணே?"

"எறங்குறது லேசு. ஏறையில எத்தனை துண்டாங்கிறதுதேன்."

பண்ணையாள் தார்ப்பாய்ச்சை அவிழ்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டார். வெங்காயக்காரர் கத்தினார். "ஏலே, எந்திரிலே! அவங்ய பயமுறுத்துறாங்யலே!" அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் கவிழ்த்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு சத்தம் போட்டால் எழுந்துவிடுவார். எழுந்து இறங்கியும் விடுவார். அவர் வாங்கி வந்த பிழைப்பு அப்படி.

அதற்குள் மாப்ளை கயிற்றை இடுப்பில் சுற்றினான். "அஞ்சும் போயிருச்சு. நான் சொல்றேன்ல? போயிப் பாத்துட்டு வாரேன்."

நான் அவன் இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான். திரும்பவும் அவிழ்த்தேன்.

"நீ வச்ச வெடியே ஒனக்குக் கேக்கல. செவிட்டுக் காத வச்சுக்கிட்டுக் கீழ என்ன செய்வ மச்சான்?"

"தொட்டுப் பாக்க எதுக்குலே காது?"

அவன் கயிற்றை விட்டான்.

பானையைக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். வேப்பங்குச்சி ஒன்று கூர் சீவி எடுத்துக்கொண்டேன். ஒரு சிரட்டை. இரும்பு எதுவும் இல்லை. அரைஞாணில் சாவி ஒன்று தொங்கியது, அதையும் கழற்றிக் கொடுத்தேன். மற்றவர்களை ரோடு வரைக்கும் போகச் சொன்னேன். மாப்ளை மட்டும் கயிற்றோடு நின்றான்.

கீழே தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. குளிர்ச்சி. உடைந்த கல் எல்லாம் தண்ணீருக்குள். காலால் தடவித் தடவி நடந்தேன். கல்லை மிதிக்கக் கூடாது, உருளும். தரையில் நாலு இடத்திலும் காலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டது. கிண்ணம் மாதிரி. நாலும் வெடித்திருக்கிறது. திட்டுக்கு வந்தேன். அதன்மேல் சிதறிய கல் குவிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறக்கினேன். எத்தனை எடுத்தேன் என்று எண்ணவில்லை.

அடியில் நான் வைத்த களிமண் அடைப்பு அப்படியே இருந்தது. என் கட்டைவிரல் அழுத்திய தடமும் இருந்தது. நடுவில் கருகிய நூல் ஒரு பொட்டு.

அடைப்பின்மேல் சிரட்டையால் தண்ணீர் விட்டேன். ஊறும்வரை நின்றேன். குச்சியால் மண்ணைச் சுரண்டினேன். மறுபடி தண்ணீர். மறுபடி குச்சி. மேலே பார்த்தால் வானம் ஒரு சதுரம், அதன் ஓரத்தில் மாப்ளை தலை. போகச் சொல்லிக் கை காட்டினேன். போகவில்லை.

வெயில் சுவரில் பாதி இறங்கிவரும்வரை சுரண்டினேன். கடைசியில் திரியின் அடித்துண்டு கையோடு வந்தது. மருந்துக்கு ஒரு விரற்கடை மேலே எரிந்து, அங்கே அணைந்திருந்தது. அதற்குக் கீழே நூல் புதுசாக இருந்தது. மருந்தைச் சிரட்டையால் வழித்துத் தண்ணீரில் விட்டேன். கறுப்பாகப் பரவியது. குழியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுக் கயிற்றை ஆட்டினேன்.

மேலே வந்து திரித்துண்டை மாப்ளையிடம் கொடுத்தேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். ஐந்தும் போய்விட்டது என்று சொன்னவன் அவன். வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

வெங்காயக்காரர் அந்த நிமிஷமே மாட்டைப் பூட்டினார். இருட்டும்வரை இறைத்தார். பாதி வயல் தப்பியது. மறுபாதி காய் பருக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, கும்பிடவும் இல்லை. மறுநாள் காலை மேட்டுக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் எம்புட்டு வெட்டணும்?"

"ஆறு அடிங்கய்யா."

"திரி?"

"அதே திரிதான்."

மூன்று நாளாக இந்த வெடியிலிருந்து எப்படி வெளியே வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தாயிற்று. வந்து நின்ற இடமும் அதே மேடு. திரிக்கட்டில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருந்தது.

"இனிமே ஒரு தடவைக்கு ஒரு குழிதேன் வைப்பேன்" என்றேன். "ஒண்ணு கேட்டா எறங்குறது. கேக்கலைன்னா தண்ணி ஏறுற வரைக்கும் எறங்குறதில்ல. யாரும்."

"ஒவ்வொண்ணாவா? எம் பேரன் வந்து தண்ணி பாச்சுவான்."

"பாச்சட்டுமே. உசுரோட இருந்து பாச்சட்டும்" என்றார் அவர் பெண்டாட்டி, கூழ்ச்சட்டியை இறக்கிக்கொண்டே.

அவர் வேறு செட்டைத் தேடலாம். அவர்களிடமும் இதே திரிதான் இருக்கும். அது அவருக்குத் தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. அதுவும் அவருக்குத் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று திட்டிலேயே பக்கத்தில் புதுக்குழி ஒன்று போட்டேன். திரியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம் விட்டேன். பற்றவைத்துவிட்டு ஏறி வந்து, மிச்சம் இருக்கிற வலது காதில் துணி அடைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். மேட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பண்ணையாள்கூட வந்திருந்தார். வாய்கள் அசைந்தன. எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றை எண்ணுவதற்கு அத்தனை பேர்.

காலுக்கு அடியில் மண் அதிர்ந்த மாதிரி இருந்தது. நிச்சயமில்லை. மாப்ளையைப் பார்த்தேன். அவன் மற்றவர்களைப் பார்த்தான், சிறுமலையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினான்.

புகை அடங்கியதும் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.